முப்பத்தெட்டு அடி வாங்கிய தூக்குமரம்

மரத்தின் கோணலையும் மனிதரின் கோணலையும் ஒரே பார்வையில் அளந்துவிடும் அவைத் தலைவர், மூத்த ஆசாரி லீன்ஹார்ட் அவர்களே! உளி பிடித்து உரமேறிய கைகளையுடைய பெரியோர்களே! ரீடன்பாக் நகரத் தச்சர் சங்கத்தின் தன்மானத் தோழர்களே! பெண்களுக்கு இடமில்லை என்று எழுதிவைத்த இந்த மண்டபத்தின் சன்னலுக்கு வெளியே, கழுத்து வலிக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் கிலியானின் பணிவான வணக்கம்.

நம் தோழன் வெண்டலைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டுமாம். நீக்கினால் இந்த ஊரில் அவன் ஒரு முக்காலிகூடச் செய்ய முடியாது. அவன் வீட்டில் ஐந்து வயிறுகள் காயும். அப்படி என்ன குற்றம் செய்தான்? களவா? கலப்படமா? இல்லை ஐயா, இல்லை! தூக்குமரத்தில் அவன் ஓர் அடி அடிக்கவில்லை. அதுதான் குற்றம்!

தூக்குமரத்தைத் தனியாகத் தொட்டவனுக்குத் தீட்டு. அவனோடு பீர் குடிக்க மாட்டோம், அவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம். ஆனால் மரம் உளுத்தால் புதுப்பிக்க வேண்டுமே? அதற்குத்தான் நம் முன்னோர்கள் அருமையான வழி கண்டார்கள். எல்லோரும் சேர்ந்து தொட்டால், யாருமே தொடவில்லை! ஆகா, என்ன நியாயம், என்ன நுட்பம்!

சென்ற அறுவடைக்குப் பிறகு அப்படித்தான் போனோம். கொடி பிடித்தோம், முரசு கொட்டினோம், முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கோர் ஆணி, ஆணிக்கோர் அடி என்று முடித்தோம். வெண்டல் எங்கே போனான்? நாம் அனுப்பித்தான் காட்டுக்குப் போனான், கடைசிப் பாரம் மரம் கொண்டுவர. வழியில் வண்டியின் அச்சு முறிந்தது. அவன் வந்து சேர்ந்தபோது, இருந்த மரத்திலேயே நாம் வேலையை முடித்திருந்தோம். தூக்குமரம் நின்றது, பீர்ப் பீப்பாய் படுத்திருந்தது.

"எனக்கும் ஒரு அடி குடுங்கப்பா!" என்று சுத்தியலோடு ஓடிவந்தான்.

"முரசு நின்னு போச்சுடா. இப்ப அடிச்சா நீ தனியா அடிச்ச கணக்கு. கிட்ட வராத, தீட்டு!" என்று விரட்டியது யார்? நாம்தான்!

போன வியாழக்கிழமை வாத்துத் திருடன் குன்ஸை அதில் ஏற்றினார்கள். ஊரே திரண்டது. நான் தொத்திறைச்சியோடு முதல் வரிசையில் நின்றேன். கயிறு இறுகியது, மரம் இளகியது, குன்ஸ் கிழங்கு வயலில் போய் விழுந்தான். எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டான்: "ஏய்யா, இதையா கட்டுனீங்க? இதுல ஒரு வாத்தக்கூடத் தொங்கவிட முடியாதேய்யா!"

திருடன் கேட்டான் தொழில் கேள்வி! நாம் என்ன பதில் சொன்னோம்? "ஒரு கை கொறஞ்சு போச்சு, அதான் விழுந்துச்சு" என்றோம். பழி வெண்டல் தலையில் விழுந்தது.

இதோ, அந்த வயலில் நான் பொறுக்கிய ஆணிகள். ஏன் பின்னால் நகருகிறீர்கள்? ஆமாம், தனியாகத்தான் தொட்டேன்! கிட்ட வந்து பாருங்கள். எந்த ஆணியின் தலையிலாவது சுத்தியல் பட்ட தழும்பு இருக்கிறதா? துளையில் விரலால் செருகிய ஆணிகள், ஐயா இவை!

நான் ஒப்புக்கொள்கிறேன். என் முறை வந்தது. சுத்தியலை ஓங்கினேன். முரசு முழங்கியது. காற்றை அடித்தேன்! முப்பத்தேழு பேர் அடிப்பார்களே, என் ஓர் அடி குறைந்தால் என்ன என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னைப் போல் வேறு யாராவது உண்டா?

யோப்ஸ்ட், நீயுமா? அந்த மூலையில் நான்கு கைகள்... சன்னலோரம் முழு வரிசையுமா! தலைவர் அவர்களே, தாங்கள் கையை உயர்த்தியது அமைதி காக்கச் சொல்லித்தானே? இல்லையா? ...இல்லையா!

ஆக, அந்த மரத்தை உண்மையாகவே அடிக்க வேண்டும் என்று ஓடிவந்தவன் ஒரே ஒருவன். அவனைத்தான் நீக்கப் போகிறோம்! ஒருவன் தொங்குவதைப் பார்க்க நமக்கு முதல் வரிசை வேண்டும். தொங்கவிட்ட கை மட்டும் நம்முடையதாக இருக்கக் கூடாது. இதற்குப் பெயர் மானமா, தோழர்களே?

புதுத் தூக்குமரம் கேட்டு நீதிமன்றம் ஆள் அனுப்பியிருக்கிறது. குன்ஸ் சிறையில் காத்திருக்கிறான். கட்டுவோம்! ஆனால் இந்த முறை கொடி வேண்டாம், பீர் வேண்டாம், முரசு வேண்டவே வேண்டாம். ஒவ்வோர் அடியும் ஊருக்குக் கேட்கட்டும். அடித்தவன் பெயரும் கேட்கட்டும். அப்படி அடிக்கத் துணிந்தவன் வரட்டும். ஒருவரும் வரவில்லையா? குன்ஸ் தன் வீட்டுக்குப் போகட்டும்!

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. தயங்கித் தயங்கி உயர்ந்த கைகளுக்கு இன்னும் பெரிய நன்றி. வெண்டல், வாசலில் ஏனப்பா நிற்கிறாய்? உள்ளே வந்து உன் இடத்தில் உட்கார். உன்னை வெளியே போகச் சொல்லும் தகுதி இங்கே எவனுக்கும் இல்லை. வணக்கம்.