பேரிங் போன பாட்டு

தேயிலை மலையில், தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன என் படிப்பில் உருப்படியாக வந்தது, தூங்குவதுபோல் நடிப்பது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டேன்.

மடியில் கைலி சுற்றிய பெட்டி வைத்திருந்தவன் கேட்டான்: "நான் குடுத்த கேசட்ட கேட்டியா மச்சான்?"

"போட்டேன்லா. டும் டும்னு அடி மட்டும்தான் வருது. பாட்டு எங்கடா?"

"பாட்டு கிடையாது. இந்த டிரம் மெஷின்ல பட்டனத் திருகித் திருகி கரண்டுலயே அடிய உண்டாக்குறேன். அத எக்கோ பெட்டியில விடுறேன், அவ்ளோதான். கூட வாசிச்சவனுங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர் போயிட்டானுங்க. ஒரு கல்யாணத்துல போட்டேன். எல்லாரும் சாப்பிட எழுந்துட்டாங்க."

"நான் போட்டுட்டு குளிக்கப் போனேன். வீட்டுக்காரி கதவத் தட்டுறா. ஃபேக்டரியில கொழுந்து உருட்டுற மெஷினு பேரிங் போயிருச்சு, ஸ்பேனர எடுத்துட்டு ஓடுங்கன்னு. நானும் நம்பி ஓடுனேன்லா. அங்க மெஷினு நல்லாத்தான் ஓடுது. திரும்பி வந்தா, இன்னும் வாசல்ல நின்னு உன் கேசட்டுக்குக் காது குடுத்துட்டு இருக்கா."

பெட்டிக்காரன் சிரிக்கவில்லை. "தங்கச்சி எவ்ளோ நேரம் கேட்டுச்சு?"

"கேசட்டு ஒரு பக்கம் முழுக்க."

"அது ஒண்ணுதான் முழுசா கேட்டிருக்கு மச்சான்."

நண்பன் தோட்டத்துச் சந்தியில் இறங்கிக்கொண்டான். பெட்டிக்காரன் தனியாக, பெட்டியின் மேல் விரலால் அதே அடியைத் தட்டிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் என் கால் அதைத் தரையில் தட்ட ஆரம்பித்திருந்தது. விரல் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்க்கிறான் போல.

நான் காலை நிறுத்திவிட்டுக் குறட்டை விட்டேன்.