பாசியைப் பட்டினி போட்ட யமுனா

என் பேச்சு நீண்டுவிடாமல் கடிகாரத்தைக் காவல் காக்கும் அவைத் தலைவர் ஐயா சென்னியப்பன் அவர்களே! மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுவிட்டுத் நம் மலையின் திருப்புலி நாட்டு ஊர்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! பள்ளி அறிவியல் ஆசிரியன் செந்தில்நாதனின் பணிவான வணக்கம்.

யமுனாவைப் பாராட்ட அழைத்தீர்கள். வந்துவிட்டேன். ஆனால் எனக்கு வயிறு எரிகிறது! ஆம், பொறாமை! சிரிக்காதீர்கள் அம்மா, உண்மையைத்தான் சொல்கிறேன்.

பச்சைப் பாசி! பார்வைக்கு அழுக்கு; ஆனால் பகலவன் ஒளியைப் பருகித் தண்ணீரைப் பிளந்து, ஹைட்ரஜன் தரும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த வாயுவை எரித்தால் கரி உண்டா? புகை உண்டா? மிஞ்சுவது நீராவி மட்டுமே! அதற்காக இரண்டு ஆண்டுகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவம் கிடந்தேன். வேளை தவறாமல் உப்புச் சத்துகளை ஊட்டினேன். பாசி கொழுத்தது, பளபளத்தது. வாயு வந்ததா? வந்தது, வெறும் ஆக்சிஜன்!

புட்டி கழுவ வந்த யமுனா மிளகு விவசாயி. ஒரு நாள் கேட்டார்: "ஏனுங்க சார், மொளகுக் கொடிய பூக்கறதுக்கு முந்தி தண்ணி விடாம காயப் போடுவோமுங்க. அப்பத்தான் நல்லாப் பூ எடுக்குமுங்க. இதுக்கும் எதையாச்சும் நிறுத்திப் பாக்கலாமுங்களா?"

"கழுவற வேலையப் பாரும்மா" என்றேன். எம்.எஸ்சி. படித்த வாய் அல்லவா!

அவர் விடவில்லை. ஐந்து உப்பு, ஐந்து புட்டி. பழைய தண்ணீரை வடித்துவிட்டு, ஒவ்வொரு புட்டியிலும் ஓர் உப்பை மட்டும் நிறுத்தினார். காற்றுப் புகாமல் அடைத்து வெளிச்சத்தில் வைத்தார். கந்தக உப்பு இல்லாத புட்டியில், நான்காம் நாள், குமிழி கிளம்பியது. தீக்குச்சி காட்டினேன். 'டப்' என்று வெடித்தது. ஹைட்ரஜன்! கந்தகம் கிடைக்காத பாசி ஆக்சிஜன் விடுவதைக் குறைத்துக்கொள்ளும்; அப்போதுதான் ஹைட்ரஜன் பிறக்கும்.

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! உங்களுக்கு அது வெற்றிச் சத்தம். எனக்குக் கன்னத்தில் விழுந்த அறை.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அறிக்கை எழுதினேன். கண்டறிந்தவர்: செந்தில்நாதன்; உதவி: யமுனா. கண்டறிந்தவரிடம்தான் அடுத்த ஆய்வை ஒப்படைப்பார்கள் என்று தெரிந்தே எழுதினேன். இன்று காலை யமுனாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். படித்தார். "படிச்சவுங்க நீங்கதானுங்க சார்" என்று கையெழுத்தைப் போட்டுத் தந்துவிட்டார். திட்டியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் திருடியிருப்பேனே!

இதோ அந்த அறிக்கை. உங்கள் முன்னிலையில் என் பெயரை அடிக்கிறேன். யமுனா என்று எழுதுகிறேன். பொறாமை போய்விட்டதா? போகவில்லை, ஐயா! யமுனாம்மா, சீக்கிரம் மேடைக்கு வாங்க. இதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளுங்கள். நானாக நீட்டுவேன் என்று காத்திருந்தால் மனம் மாறிவிடும்.

வயிற்றெரிச்சல்காரனையும் வாய் திறக்க விட்ட அவைக்கு நன்றி, வணக்கம்!