இன்னைக்கு எந்தக் காடு

– அது வேணாம்ப்பா. எத்தன தடவ சொல்றது?

– ஏத்தா இளமதி, இதுவும் போனுதான? கையில புடிச்சா எம்புட்டு கனமா இருக்கு பாரு. கீழ போட்டாலும் ஒடையாது போல.

– கீழ போடுறதுக்கா போன் வாங்க வந்தோம்?

– அண்ணே, கடைக்காரன் சொல்றேன்னு நெனைக்காதீங்க. நீங்க கையில வச்சிருக்கதுதான் நாளுபட ஒழைக்கும். சார்ஜும் நல்லா நிக்கும். பாப்பா கேக்குறது அழகுக்கு.

– அழகுக்கு இல்லண்ணே. எம்பழைய போனும் அந்த ரகந்தான், அதுல எடுத்து அனுப்புனா படம் மங்கலா போவுது. எங்க கிளாஸ் குரூப்புல எல்லாரும் நான் கேக்குற போனுதான் வச்சிருக்காங்க.

– மங்கலா போனா என்னத்தா? ஆளு யாருன்னு தெரியாமயா போயிரும்?

– தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் பேரு வச்சிருக்காளுங்க.

– என்ன பேரு?

– விடு.

– சொல்லுத்தா. அப்பன்ட்ட சொல்ல என்ன.

– பனிமூட்டம். நான் படம் போட்டா, "பனிமூட்டம் வந்துருச்சு, லைட்டப் போடுங்கடி"ன்னு ஹரிணி எழுதுவா. எல்லாரும் சிரிக்கிற பொம்மை போடுவாங்க. நானும் போடுவேன்.

– நீ ஏன் போடுற?

– போடாட்டி கோவிச்சுக்கிட்டேன்னு நெனப்பாங்கள்ல.

– பேரு குளுகுளுன்னுதான இருக்கு. எங்க மரவெட்டு செட்டுல எனக்கு வச்ச பேரக் கேட்டா நீ சோறு திங்க மாட்ட.

– சிரிக்காதப்பா. இப்ப அந்தக் கேலிகூட இல்ல. பழைய போன்ல இனிமே ஓடாதுன்னு சொல்லி வாட்ஸ்ஆப்பே நின்னு போச்சு. லீவு விட்டதுலேர்ந்து அங்க என்ன பேசுறாங்கன்னே தெரியல. காலேஜ் தெறந்ததும் எல்லாரும் எதையாச்சும் சொல்லிச் சிரிப்பாங்க. நான் முழிச்சுக்கிட்டு நிக்கணும்.

– அதுக்குத்தான் எம்போன எடுத்துக்கன்னேன்.

– ஒம்போன்ல ஒன் நம்பருதான ஓடுது. அதுவும் எப்ப நிக்கும்னு கெடக்கு.

– பாப்பா சொல்றது சரிதாண்ணே. ஆப்பு ஓடாட்டி நல்லா இருக்க போனும் செங்கல்லுதான். இப்ப புள்ளைங்க போனப் பாத்தா போன் வாங்குறாங்க? கூட்டாளிங்க எத வச்சிருக்காங்களோ அதத்தான் கேக்குறாங்க.

– சரி தம்பி. அவ கேட்டதையே குடுங்க.

– தவணையா, ரொக்கமாண்ணே?

– ரொக்கந்தான். சந்தையில கிடாயக் குடுத்துட்டு நேரா இங்கிட்டுதான் வாரோம்.

– ப்பா, அத ஏன் இங்க சொல்ற?

– சொன்னா என்ன? அடுத்தவன் கிடாயவா ஓட்டியாந்தோம்?

– வளத்த கிடாவாண்ணே?

– கருப்பருக்கு நேந்துவிட்டது தம்பி. இவளுக்குக் காலேசுல எடம் கெடச்சா வெட்டுறேன்னு காதக் கீறி விட்டிருந்தோம். காதப் பாத்துட்டு உள்ளூர் யாவாரி ஒருத்தனும் தொடல. வெளியூர்க்காரன் ஒருத்தன்தான் புடிச்சிட்டுப் போனான்.

– சாமி கிடாயவா வித்தீங்க?

– கருப்பரு பொறுத்துக்குவாரு. மழையே இல்லாத வருசம் நாங்க அவரப் பொறுத்துக்கிட்டோம்ல. இவ அம்மா செங்கமலந்தான் பொறுக்க மாட்டா. கிடா கயித்த அறுத்துட்டு ஓடிருச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கோம். பாவம், இந்நேரம் கம்மாக்கரையில தேடிக்கிட்டுத் திரிவா.

– எனக்கு என்னமோ பயமா இருக்குப்பா.

– எதுக்குப் பயம்? வேலை தொடங்குனா மொதக் கூலியில ஒரு குட்டி வாங்கி காதக் கீறி விட்டுர்றேன். நீ போனப் பாரு.

– பில்லுக்குப் பேரு சொல்லுங்கண்ணே.

– மூக்கன், வல்லத்திராக்கோட்டை. கையெழுத்து நானே போடுவேன்.

– இதுக்குக் கையெழுத்து வேணாம்ணே.

– பரவால்ல, ஒரு ஓரமா போட்டுக்கிறேன். இவ மூணாங்கிளாசு படிக்கயில பக்கத்துல ஒக்காந்து கத்துக்கிட்டது. போனையும் தமிழ்லயே போட்டுக் குடுங்க. நானும் படிப்பேன்.

– எழுத்துக்கு எழுத்து நின்னு மூச்சு வாங்குவாருண்ணே எங்கப்பா. பஸ்ஸு போர்டப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிரும்.

– போனா அடுத்த பஸ்ஸு. எங்க குரூப்புல எழுதிப் போடுறவன் நான் ஒருத்தந்தான், தெரியும்ல. தைலமரம் வெட்டுறோம் தம்பி. இன்னைக்கு எந்தக் காட்டுல வெட்டுன்னு மேஸ்திரி மதுரைவீரன் அதுலதான் சொல்லுவான். மத்தவனெல்லாம் வாயால பேசி அனுப்புறவனுங்க. அதான் இப்ப என்னய அட்மினா போட்டு வச்சிருக்கானுங்க.

– அட, அட்மினா? அப்ப நீங்கதான் தலைவரு.

– நான் கேக்கல தம்பி. ஒருநா காலையில பாத்தா, நீங்கள் இப்போது அட்மின்னு வந்திருந்துச்சு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்னு ஒரு மருவாத.

– அன்னைலேர்ந்து விடிஞ்சதும் போன எடுத்து மடியில வச்சுக்குவாருண்ணே. "வணக்கம். இன்னைக்கு எந்தக் காடு?" இத எழுதி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போயிரும்.

– தலைவரு கேட்டா ஒடனே பதில் வரணுமே.

– எங்க தம்பி, வேலையே இல்லையே. காட்டுல ஈரம், லாரி உள்ள போகாது. இருந்தா மதுரைவீரன் போட மாட்டானா? முன்னல்லாம் மேப்புல எடத்தப் போடுவான். எம்போன்ல அது தெறக்காது. நான் போன் போட்டு வழி கேப்பேன். "ஒனக்கு ஒருத்தன் தனியா வழி சொல்லணுமா, நல்ல போனா வாங்குய்யா"ன்னு ஏசுவான். இப்ப ஏசுறதே இல்ல. ஆளு மாறிட்டான்.

– சிம்மு போட்டாச்சு பாப்பா. நம்பர அடி. ஓடிபி வரும்.

– வந்துருச்சுண்ணே.

– மெதுவாத்தா, கீழ போட்டுறாத.

– போட மாட்டேன். புதுசுல்ல, வழுக்குது. ப்பா, ஏறிருச்சு. இந்தா பாரு, இதுதான் எங்க குரூப்பு.

– இரு, நான் படிக்கிறேன். க, டை, சி... பெஞ்-சு. கடைசி பெஞ்சா? இதுக்கா ஒன்னயப் புதுக்கோட்டைக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறேன்?

– சும்மா வச்ச பேருப்பா. இங்கிட்டு வா. ரெண்டு பேருமா ஒரு படம் எடுத்துப் போடுவோம். சிரி. இம்புட்டு இல்ல, கொஞ்சமா. ம், போட்டுட்டேன். எப்புடி தெளிவா இருக்கு பாரு.

– எங்கழுத்துல கெடக்க மரத்தூளுகூட தெரியுது. இப்ப என்ன செய்வாளுங்க?

– ஹரிணிதான் மொத வருவா. அவ தூங்கயிலயும் போனோடதான் தூங்குவா. அடுத்து சத்யா. என்ன எழுதுறாளுங்கன்னு பாரேன்.

– பாப்பம்.

– அண்ணே, இங்க டவரு இருக்கா?

– புல்லா இருக்கு பாப்பா.

– ஒருத்தியும் பாக்கல.

– சாப்புடுற நேரம்த்தா.

– அத்தன பேருமா சாப்புடுறாங்க?

– இதென்னத்தா, படத்துக்கு மேல பொடி எழுத்துல ஒண்ணு? நீங்-கள்... இப்-போது... அட்-மின். அடி ஆத்தா, ஒன்னயவும் போட்டுருக்காங்க. அப்பனும் தலைவரு, மகளும் தலைவரு. தம்பி, டீ சொல்லுங்க, காசு நான் தாரேன்.

– ப்பா, கொஞ்சம் சும்மா இரு. அண்ணே, இதப் பாருங்களேன். உறுப்பினர்னு இருக்க எடத்துல எம்பேரு மட்டுந்தான் இருக்கு. புதுப் போனுங்கறதால மத்ததெல்லாம் இன்னும் ஏறலையோ?

– குடு பாப்பா. எல்லாம் ஏறிருச்சே.

– அப்ப ஏன் யாரையும் காணோம்?

– லீவுல புதுசா வேற குரூப்பு ஆரம்பிச்சிருப்பாங்க பாப்பா. இதுலேர்ந்து ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டாங்க.

– எங்கிட்ட சொல்லாமயா?

– பழைய போன்ல ஒனக்குத்தான் ஓடலையே. அப்பறமா சேத்துக்கலாம்னு விட்டிருப்பாங்க.

– நேர்ல பாத்தாளுங்கண்ணே. முந்தாநேத்து பஸ் ஸ்டாண்டுல ஹரிணியும் சத்யாவும் எங்கூடத்தான் நின்னாளுங்க. போன் வாங்கப் போறேன்னு சொன்னேன். சூப்பர்டின்னாளுங்க.

– அது எப்படி தம்பி விட்டுட்டுப் போவாங்க? அட்மினா போட்டுட்டுல்ல போயிருக்காங்க. மதிக்காமயா போடுவாங்க?

– அத யாரும் போட வேணாம்ணே. இருந்த அட்மினும் வெளிய போயிட்டா, மிச்சம் இருக்க ஆள அதுவே அட்மின் ஆக்கிரும். எல்லாரும் போயி ஒரே ஆளு நின்னாலும் அப்படித்தான் காட்டும்.

– அதுவேயா?

– ஆமாண்ணே. அது மிசினுதான.

– தம்பி, இந்தா. எம்போனையும் செத்தப் பாருங்க.

– வேணாம்ப்பா. உள்ள வை.

– பாக்கட்டும்த்தா. எங்க ஆளுங்க பேரெல்லாம் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க தம்பி.

– ஒங்க பேரு மட்டுந்தாண்ணே இருக்கு.

– அப்ப, நான் தெனம் விடியக்காலம் எழுதிப் போட்டேனே தம்பி, இன்னைக்கு எந்தக் காடுன்னு... அத இம்புட்டு நாளா யாரு படிச்சா?