நூற்றிருபது நாள் நினைவுள்ள இரத்தமும் எங்கள் ஆய்வகத்து அக்காவும்

பழைய பேட்டரிகளை உருக்கிக் காரீயம் எடுக்கும் எங்கள் ஆலையின் ஆய்வகத்தில், ஊசியும் உண்மையும் ஒருசேர ஏந்தி, முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் உழைத்து, இன்று மாலை ஐந்து மணியோடு விடைபெறும் அக்கா அவர்களே! குருதி கண்டும் கலங்காத கோமகளே!

‘ஆலையின் அணையா விளக்கே’ என்றழைக்கவும் ஆசைதான். ஆனால் தங்கள் ஆய்வக விளக்கு அணைந்து, மாற்றித் தரச் சொல்லித் தாங்கள் ஒன்பது கடிதம் எழுதியது அவையோர் அனைவரும் அறிந்ததே என்பதால் விட்டுவிட்டோம்.

ஆண்டுக்கொருமுறை நடக்கும் இரத்தப் பரிசோதனைக்கு ஆலை தன்னை அலங்கரித்துக்கொள்ளும் அழகே தனி. ஒரு மாதம் முன்பே உலைக்காரர்கள் புகையில்லாத பொட்டலக் கூடத்துக்கு மாற்றப்படுவர். காரீயத்தை முறிக்குமென்று தினமும் ஆளுக்கொரு குவளைப் பால். இரத்தத்தில் காரீய அளவு குறைந்ததும் ஊசி. அறிக்கையில் ‘யாவரும் நலம்’. மறுநாள் மீண்டும் உலை. அதையும் மீறி எவருக்காவது அளவு ஏறினால், ‘விரல் அழுக்கு இரத்தத்தில் கலந்துவிட்டது’ என்று அந்நாளைய மேலாளர் தள்ளிவிடுவார். தாங்கள் வாதாடவில்லை. சோப்பும் நகம் தேய்க்கும் பிரஷும் வாங்கி வந்து, ஒவ்வொருவர் கையையும் தாங்களே கழுவத் தொடங்கினீர்கள்.

அப்படித்தான் பத்தொன்பது ஆண்டு உலையில் நின்ற இரும்பண்ணனின் கை தங்கள் கைக்கு வந்தது. இரும்பு, நாங்கள் வைத்த பெயரில் மட்டும்தான். குழாயடியில் நீட்டிய வலது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டாய்த் தொங்கியது. தேநீரை இடக்கையால் எடுக்க அவர் பழகியதும், நடுவேலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் எங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதில் நாங்கள் மிக ஒற்றுமையாக இருந்தோம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்: “அக்கா, கொஞ்சம் கம்மியா எழுதிடுங்க. உலையை விட்டு எறக்கிட்டா அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்லுவாங்க. எம் பொண்டாட்டியே சிரிப்பா.”

“சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்குப் புருஷன் இருக்கணும்ல.”

அவர் கேட்டபடியே காரீய அளவு குறைவாகத்தான் வந்தது. மேலாளர் முகம் மலர்ந்தது. தாங்களோ அதே குருதியை இன்னொரு சோதனைக்கும் அனுப்பிவைத்திருந்தீர்கள். இரத்தத்தின் சிவப்பு உருவாகையில் இரும்பு உட்கார வேண்டிய இடமொன்று உண்டாம். காரீயம் வழிமறித்தால் அங்கே துத்தநாகம் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். அந்தச் சிவப்பணு மடியும்வரை, ஏறத்தாழ நூற்றிருபது நாள், எழுந்திருக்காதாம். இந்த நாற்காலிப் பழக்கம் அலுவலகத்துக்கே உரியது என்றல்லவா எண்ணியிருந்தோம்! ஒரு மாதப் பொட்டலக் கூடமும் முப்பது குவளைப் பாலும் அண்ணனின் இரத்தத்தில் உட்கார்ந்திருந்த துத்தநாகத்தை அசைக்கவில்லை.

இதையெல்லாம் யார் கேட்டது என்று மேலாளர் சீறினார்.

“அவரு ரத்தம் சொல்லுது சார். நான் எழுதிக்கிட்டேன், அவ்வளவுதான்.”

இரும்பண்ணன் உலையிலிருந்து இறங்கினார், மருத்துவமனையில் படுத்தார், திரும்பி வந்து பெட்டி ஒட்டினார். ஓராண்டு தங்களோடு பேசவில்லை. ஆய்வகத்தைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததில் இருமுறை தூணில் மோதினார். அதற்கும் தாங்கள்தான் மருந்து போட்டீர்கள். சோதனைக்கு முன் ஆள் மாற்றும் வழக்கம் நின்றது. உலைக்கு மேல் புகை உறிஞ்சும் விசிறி வந்தது. பால் மட்டும் தொடர்கிறது. பசிக்கு நல்லதுதான்.

அக்கா அவர்களே! தங்கள் சிவப்பணு ஒவ்வொன்றும் தன் நூற்றிருபது நாளையும் நிறைவாய் வாழ்ந்து, அடுத்ததற்கு மரியாதையாய் இடம்விட்டு எழ, அவ்வாறே அணுக்கள் பலநூறு தலைமுறை தழைக்கத் தாங்கள் நலமுடன் நெடிது வாழ்க!

இம்மடலின் சட்டம், கண்ணாடியோடு சேர்த்து இரண்டு கிலோ. வாசித்து முடியும்வரை வலக்கையால் மட்டுமே உயர்த்திப் பிடித்திருப்பேன் என்று அடம்பிடித்து, இதோ மேடையில் நிற்கிறார் இரும்பண்ணன். ஆகவே, சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தும், இவ்வளவோடு நிறுத்துகிறோம்.

கழுவிய கைகளோடு,
உலை, பொட்டலக் கூடம், ஆய்வகப் பணியாளர்கள்