ஜாக்கெட்டுக்கு ஏது பேட்டரி?

"அய்யோ, அக்கா ஜாக்கெட்டோட பேட்டரி என் பையிலயே வந்துடுச்சு!"

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்த எனக்கு, முன்சீட்டுப் பெண் சொன்னது கனவில் போலக் கேட்டது.

"ஜாக்கெட்டுக்கு ஏதுடி பேட்டரி?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"அக்காவுக்குக் காது கேக்காதுல்ல. ஜாக்கெட் கையில மைக்கோட சின்னதா ஒரு சர்க்யூட் போர்டு வச்சு, கரண்ட் ஓடுற நூலால தைச்சுக் குடுத்தேன். குழந்தை அழுதா கை ஓரமெல்லாம் லைட்டு மின்னும். நேத்து துவைக்கறதுக்காகப் பேட்டரியக் கழட்டினேன்."

ஜன்னலில் மலை மெல்ல மிதந்து வந்தது.

"குழந்தை பக்கத்துலயேதான அக்கா இருக்கா? பாத்துக்க மாட்டாளா?"

"பாத்துப்பா. ஆனா அவன் இப்பல்லாம் பசியில்லன்னாலும் ஒரு கத்து கத்திட்டு, லைட்டப் பாத்து சிரிக்கிறான். இன்னிக்குக் கத்திட்டு, அந்தக் கையையே பாத்துட்டு இருப்பான்டி."

அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கியவள், பேட்டரியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஓடினாள்.