மீன் ஏரியில் பிடித்த நிசப்தம்

இரவு ஒன்றே முக்கால். கல்கத்தாவிலிருந்து பாசந்தி என்கிற ஊருக்குப் போகிற சாலை. ஜனவரிப் பனி... நம் வண்டி விளக்கே நம் கண்ணைக் கூசவைக்கும். இரண்டு பக்கமும் மீன் ஏரிகள். ஆள் நடமாட்டம் கிடையாது.

சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என்னோடு வேலை பார்க்கிற ஹிமாத்ரியின் பெரியப்பா மகனுக்கு நடந்தது இது. சுபிமல் ஹாஜ்ரா, ஒலிப்பதிவுக்காரர். ஞாயிறு ராத்திரியானால் ஊரே காதில் மாட்டிக்கொண்டு கேட்குமே, பேய், வேற்றுக்கிரகம், துப்பறிதல் என்று, அந்த மாதிரி ஒலி நாடகம் ஒன்றுக்கு. அதில் துப்பறிகிறவராகப் பேசுகிறவர் அவர் தங்கை ஜும்பாவின் கணவர் தீபாயன். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்தே மாதம்.

அந்த வாரக் கதை, ஏரியில் தெரிகிற வெளிச்சத்தைப் பற்றி. ஆளைத் தண்ணீருக்குள் கூப்பிடும் என்று மீனவர்கள் சொல்வார்கள். வானத்திலிருந்து இறங்கியது என்று இவர்கள் நாடகம்.

ஒவ்வொரு இடத்துக்கும் தனி நிசப்தம் உண்டாம். பேச்சுக்கு அடியில் அதைப் போட்டால்தான் கேட்கிறவன் நம்புவான். அதைப் பிடிக்கத்தான் போனார்கள். ஒரு நிமிடம் யாரும் இருமக்கூடக் கூடாது. இருமினால் மறுபடி முதலிலிருந்து.

சுபிமல் ஹெட்போனை மாட்டி, மைக்கை ஏரிப் பக்கம் திருப்பினார். பின்னால் தீபாயன். தண்ணீர் கரையை நக்குகிற சத்தம்... எங்கோ ஒரு நரி... தீபாயனின் மூக்கடைத்த மூச்சு. நாற்பதாவது நொடியில், சேற்றில் செருப்பு. சளக்... சளக்... அப்புறம் மெதுவாக, "மேஜ்தா." நடு அண்ணன் என்று மனைவி கூப்பிடுகிற மாதிரியே இவரும் கூப்பிடுவார்.

சுபிமலுக்கு எரிச்சல். பதிவு கெடுகிறதே! திரும்பாமலே கையைத் தூக்கி, சும்மா இரு என்று சைகை காட்டினார்.

அதற்கப்புறம் இருபது நொடி. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இப்படியொரு சுத்தமான நிசப்தம் கிடைத்ததே இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறார், மடையர்.

திரும்பினால் தீபாயன் அதே இடத்தில் நிற்கிறார். முழங்கால் வரை ஈரம். எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டால், தான் கூப்பிடவே இல்லை என்றார்.

வண்டியில் ஏறினார்கள். கிளப்பவில்லை. ஹெட்போன் இன்னும் சுபிமல் காதில், மைக் மடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. தன் மூச்சு கேட்கிறது. சட்டை உரசுவது கேட்கிறது. பக்கத்தில்... ஒன்றுமில்லை. தீபாயன் சால்வையை உதறிப் போர்த்துகிறார், சத்தமில்லை. தொடையில் தாளம் போடுகிறார், சத்தமில்லை. வண்டி முழுக்க அழுகின ஆகாயத்தாமரை வாடை.

இறக்கிவிட்டுப் போய்விடலாமா? ஜும்பாவிடம் என்ன சொல்வது? மைக்கில்தான் கோளாறு என்றால்? தங்கை புருஷனைப் பனியில் விட்டுவிட்டு வந்த பாவத்தை யார் சுமப்பது?

தீபாயன் அவரையே பார்த்துச் சொன்னார். "வீட்டுக்குப் போலாம் மேஜ்தா. ஜும்பா தூங்காம இருப்பா."

குரல் மட்டும் நன்றாகக் கேட்டது.

கொண்டுபோய் விட்டார். ரெண்டு பேரும் ஏரியிலேயே படுத்துப் புரண்டீர்களா என்று திட்டிக்கொண்டே ஜும்பா புருஷனை உள்ளே கூட்டிப்போனாள்.

மறுநாள் சுபிமல் மீனவர்களைப் பிடித்து ஏரியில் வலை போடச் சொன்னார். கெண்டைதான் வந்தது. மைக்கைப் பத்துப் பேரிடம் வைத்துச் சோதித்தார். ஒரு பழுதும் இல்லை. தங்கையிடம் சொல்லிவிட எத்தனையோ தடவை போனார். இப்போதெல்லாம் அவர் குறட்டையே விடுவதில்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று அவள் சிரிக்கும்போது எந்த வாயால் சொல்வது?

போன வாரம் ஜும்பாவே போன் செய்தாள். அந்த ராத்திரி நடந்து ஏழு மாதமாகிறது; அவள் உண்டாகி இது ஐந்தாம் மாதம். டாக்டர் வயிற்றில் கருவி வைத்துப் பார்த்தாராம்.

"நல்லா உதைக்குது மேஜ்தா. திரையில பார்த்தேன், இதயம் படபடன்னு துடிக்குது. சத்தம் மட்டும்தான் வரல. கோளாறுன்னு மூணு மிஷின் மாத்திட்டாங்க."