காளான் போதாத இடம்

மழைக்கு மறுநாள் காளான் பறிக்கப் பழைய கூடைதான் நல்லது, தம்பி. புதுக்கூடையின் விளிம்பு காளான் குடைகளைக் கிழித்துவிடும். அன்று என் கூடை நிறைந்திருந்தது.

நீங்கள் சமவெளிக்காரர். எங்கள் மலையில் இரவில் ஆடும் பெண் ஆவிகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'அழகிகள்' என்போம். அவர்கள் கைகோத்து ஆடிய இடத்தில் புல் கருகி, காளான் வட்டமாக முளைக்கும். உள்ளே போனவரை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று அதற்குள் யாரும் கால் வைப்பதில்லை.

போன கோடையில் என் மகள் ரஃபிலா அப்படியொரு வட்டத்துக்குள் விழுந்து கிடந்தாள். பாம்பு கடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. "அம்மா, தூக்கு" என்றாள். ஊரே சுற்றி நின்றது. கோயில் மணியடிக்கும் தனாசே சொன்னால் ஊர் கேட்கும். "யாரும் உள்ள போகாதீங்க. பேசுறது அவ இல்ல. பாதிரியார் வரட்டும்" என்றான். பாதிரியார் வந்தபோது அவள் குரல் நின்றிருந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்த வசந்தத்தில் அவனுடைய ஆட்டுக்குட்டி அதே வட்டத்துக்குள் ஓடிவிட்டது. தனாசே சீட்டியடித்தபடி உள்ளே நடந்துபோய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தான். "என்ன பண்றது அக்கா, நல்ல குட்டியாச்சே" என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் தனியாகப் புல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் போனபோது நீண்ட புல்லரிவாள் காலில் இறங்கி, மயங்கிக் கிடந்தான். நான் அவனைத் தொடவில்லை. கூடையை இறக்கிவைத்து, காளான்களை ஒவ்வொன்றாக அவனைச் சுற்றி ஈரமண்ணில் நட்டேன். சாயாமலிருக்கத் தண்டைச் சுற்றி விரலால் அழுத்த வேண்டும். பாதி நடும்போதே அவன் கண் திறந்திருக்க வேண்டும். முடிவில் காளான் போதவில்லை. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அதைப் பாவாடையால் மறைத்து நான் நின்றுகொண்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். அவர்கள் வந்து நிற்க வேண்டும் அல்லவா.

பக்கத்து வீட்டுப் பலாகியா வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவதான் நட்டா" என்றான் தனாசே. "ஒண்ணே ஒண்ணப் பிடுங்கிப் பாருங்க, பாவிங்களா. மேல் மண்ணுல செருகி வச்சிருக்கா."

"ஏக்கா, ரத்தம் இப்படிப் போகுதே. ஒரு துணியக் கட்டினா..." என்றாள் பலாகியா.

"பேசுறது அவன் இல்ல, தாயி. பாதிரியார் வரட்டும்" என்றேன்.

அவன் மருமகன் சிமியோன் ஒரு காலைத் தூக்கினான். "போப்பா, போ. உன் புள்ளைக்கு அப்பன் எதுக்கு" என்றேன். காலைக் கீழே வைத்துவிட்டான்.

ஒரு காளானைத் தொட்டுப் பார்க்கக்கூட யார் கையும் நீளவில்லை. தனாசே நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே காளான் இல்லை என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். துணி இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று வைத்தியர் சொன்னாராம். இருக்கலாம். என் தலைத்துணி நல்ல நீளம்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஏன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் பிள்ளையிடம் போகவிடாமல் என்னைத் தடுத்தவன் அவன்.

கையைப் பிடித்து நிறுத்தினானா என்று கேட்கிறீர்கள். இல்லை தம்பி. அவன் வட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். நான் இந்தப் பக்கம், குனிந்தால் ரஃபிலாவின் பின்னல் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றேன். ஆனாலும் தடுத்தது அவன்தான்.